லோங்காங் தண்ணிக்கு யார் காசு கொடுப்பது? மழைநீர்த் திட்டங்களும் பொது மானியமும்

"சுற்றுச்சூழலைப் பாதுகாப்போம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகளில் பலர் கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்கள்: "இதற்கு அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்." வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனா, என்ன நடவடிக்கை? யார் பணத்தில்? பணம் தீர்ந்த பிறகு யார் பொறுப்பு? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத கட்டுரை வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும். ஓடை, சதுப்புநிலம், மழைநீர் வடிகால் ஆகியவற்றை எடுத்துக்காட்டாக வைத்து அந்த மூன்று கேள்விகளையும் இங்கே பார்ப்போம்.

மழை பெய்தால் என்ன நடக்கிறது?

புல்தரையில் விழும் மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்சும், மிச்சம் மெதுவாக ஓடும். அதே மழை கார் நிறுத்துமிடத்திலோ கூரையிலோ விழுந்தால் இறங்க இடம் கிடையாது. எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் லோங்காங்குக்கு ஓடும். போகும் வழியில் எண்ணெய், தூசி, சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

இதற்கு இரண்டு வகைத் தீர்வுகள் உள்ளன. வடிகாலைப் பெரிதாக்கி, கான்கிரீட் பூசி, தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றுவது ஒன்று. தண்ணீரை வழியிலேயே தாமதப்படுத்தி, செடியும் மண்ணும் கொண்டு வடிகட்டி அனுப்புவது மற்றொன்று. மழைத்தோட்டம், புல் வாய்க்கால், கூரைத் தோட்டம், செயற்கைச் சதுப்புநிலம் எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இதைப் பசுமை மழைநீர் மேலாண்மை என்று சொல்லலாம்.

"தண்ணி தேங்கினா கொசு வராதா, டீச்சர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒழுங்காக வடிவமைத்த மழைத்தோட்டத்தில் தண்ணீர் அதற்கு வெகு முன்பே மண்ணுக்குள் வடிந்துவிடும். ஆனா, பராமரிக்காமல் விட்டு மண் அடைத்துக்கொண்டால் கொசு வரும். பராமரிப்பு என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

சிங்கப்பூருக்கு இது ஏன் முக்கியம்?

சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே விழும் மழை வடிகால், கால்வாய், ஆறு வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. பேச்சு வழக்கில் சொன்னால், புளோக்குக்குக் கீழே ஓடும் லோங்காங் தண்ணிதான் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. ஆகவே, இங்கே ஓடையைச் சுத்தமாக வைத்திருப்பது அழகுக்காக மட்டும் அன்று.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006-ஆம் ஆண்டில் 'துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு பீஷான் – அங் மோ கியோ பூங்கா. பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடியது. அது உண்மையில் காலாங் ஆறு. கால்வாயின் கொள்ளளவைக் கூட்ட வேண்டிய நேரமும் பூங்காவைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்தன. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் இரண்டு வேலையையும் ஒரே திட்டமாக்கின. கான்கிரீட்டை உடைத்தார்கள். ஆறு 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடத் தொடங்கியது. 2012-இல் பூங்கா திறக்கப்பட்டது. உடைத்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டே பூங்காவில் ஒரு சிறு குன்று எழுப்பியிருக்கிறார்கள்.

கனமழையின்போது ஆறு அகன்று புல்வெளியில் பரவும். மழை விட்டதும் புல்வெளி மறுபடி மக்களுக்குக் கிடைக்கும். நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. யாரும் கொண்டுவந்து விடாமலே நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடியேறி நாடறிந்ததாகிவிட்டது.

பணம் வரும் நான்கு வழிகள்

இனி நம் முதன்மைக் கேள்வி. இப்படிப்பட்ட வேலைகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

1. அரசின் நேரடிச் செலவு. பீஷான் போன்ற பெரிய திட்டம் பல மில்லியன் வெள்ளி கேட்கும். ஆறு பொதுச் சொத்து. பயன் எல்லாருக்கும் கிடைக்கிறது, செலவும் பொது நிதியிலிருந்தே போகிறது.

2. சட்டத்தின் வழி தனியார் செலவு. 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டர், அதாவது 2,000 சதுர மீட்டர் அல்லது அதற்கும் அதிகமான பரப்பில் கட்டப்படும் புதிய கட்டடங்களும் மறுமேம்பாட்டுத் திட்டங்களும், தம் நிலத்தில் விழும் மழைநீர் பொது வடிகாலுக்குப் பாயும் வேகத்தைத் தம் எல்லைக்குள்ளேயே குறைக்க வேண்டும். இதில் அரசு காசு கொடுப்பதில்லை. விதி போடுகிறது, கட்டுபவர் செலவழிக்கிறார்.

3. இணைநிதி. நீங்க பாதி, நான் பாதி என்ற ஏற்பாடு. 2009-இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய உயர்தளப் பசுமை ஊக்குவிப்புத் திட்டம் இதற்கு நல்ல சான்று. கட்டட உரிமையாளர் கூரைத் தோட்டம், செங்குத்துத் தோட்டம் அமைத்தால் அதை நிறுவும் செலவில் 50 விழுக்காடு வரை கழகம் ஏற்றது.

4. சமூக மானியம். குடியிருப்பாளர், மாணவர், தொண்டூழியர் ஆகியோர் தாங்களே யோசித்துச் செய்யும் சிறு திட்டங்களுக்கானது. 2020-இல் அறிவிக்கப்பட்ட எஸ்ஜி ஈக்கோ நிதிக்கு 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. சிறிய முயற்சிகளுக்கென 10,000 வெள்ளி வரை தரும் தனிப்பிரிவும் அதில் ஏற்படுத்தப்பட்டது.

மலேசிய மாணவர்களுக்கு இன்னொரு வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. காட்டை வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம், காத்தால் வருமான இழப்பு. இந்தச் சிக்கலைச் சமாளிக்க, 2019 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டரசு 60 மில்லியன் ரிங்கிட்டை ஒதுக்கியது. இயற்கைக் காப்பிடங்களைப் பாதுகாத்து விரிவாக்கும் மாநிலங்களுக்கு அது போய்ச் சேரும். அரசு அரசுக்கே கொடுக்கும் மானியம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மானியம் – எது, எது இல்லை?

மானியம் கடன் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பரிசும் இல்லை. செய்து முடித்த வேலைக்குப் பாராட்டாக வருவது பரிசு, செய்யப்போகும் வேலைக்கு நம்பித் தருவது மானியம். நன்கொடையும் இல்லை. நன்கொடை கொடுத்தவர் கணக்குக் கேட்காமல் போகலாம், மானியம் கொடுத்தவர் கட்டாயம் கேட்பார். ரசீது, படம், அறிக்கை எல்லாம் வேண்டும். பொதுப்பணம் என்பது நம் பெற்றோர் கட்டிய வரி. அதற்குக் கணக்குக் கேட்பது தொல்லை அன்று, கடமை.

மானியத்தால் வாங்க முடியாதவை

இங்கேதான் பல நல்ல திட்டங்கள் தடுமாறுகின்றன. மானியம் பெரும்பாலும் தொடக்கச் செலவுக்குத்தான் வரும். செடி வாங்க, மண் நிரப்ப, பலகை வைக்கப் பணம் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் களை பிடுங்க யார் வருவார்? வடிகட்டும் மண் அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு யாருடையது? திட்டத்தை முன்னின்று செய்த மாணவர்கள் அதற்குள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். திறப்பு விழாவுக்கு ஆள் கூடும், பராமரிப்புக்கு ஆள் தேட வேண்டும். கவனிப்பாரில்லாத மழைத்தோட்டம் சில ஆண்டுகளில் குப்பைப் பள்ளமாகும். அப்புறம் "இதுக்குத்தான் கான்கிரீட்டே மேல்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். ஒரு திட்டத்தின் தோல்வி அடுத்த பத்துத் திட்டங்களின் மேல் உள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. மானியம் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் சரளமாக விளக்கத் தெரிந்தவர், ஓய்வு நேரம் உள்ளவர் முன்னால் நிற்பார். அடிக்கடி வெள்ளம் ஏறும் தெருவில் இரண்டு வேலை பார்க்கும் குடும்பம் விண்ணப்பிக்குமா? தேவை அதிகமுள்ள இடமும் விண்ணப்பம் வரும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே, நல்ல மானியத் திட்டம் பணத்தோடு வழிகாட்டலையும் சேர்த்துத் தர வேண்டும். விவாதக் கட்டுரைக்கு இது நல்ல கருத்து.

வகுப்பறைப் பயிற்சி

மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, பள்ளி வளாகத்தில் மழைநீர் தேங்கும் ஓர் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, கற்பனையாக ஒரு மானிய விண்ணப்பத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்:

• சிக்கல் என்ன? எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது?
• என்ன செய்யப் போகிறீர்கள்? ஏன் அந்த வழி?
• யாருடைய நிலம்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? (பொது வடிகாலில் நாமாகக் கை வைக்க முடியாது.)
• செலவு என்ன? பொருள் வாரியாக எழுதுக.
• மூன்று ஆண்டு கழித்து யார் பார்த்துக்கொள்வார்?

குழுக்கள் ஒன்றன் விண்ணப்பத்தை மற்றொன்று மதிப்பிடட்டும். 10,000 வெள்ளியை ஒரே குழுவுக்குத்தான் தரலாம் என்று சொல்லிவிட்டால், வாதம் சூடுபிடிக்கும். ஐந்தாம் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதிய குழு எது என்று கடைசியில் கேளுங்கள். உண்மையிலேயே விண்ணப்பிக்க நினைக்கும் பள்ளிகள், அந்தந்த ஆண்டின் நிபந்தனைகளைச் சம்பந்தப்பட்ட அமைப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலைச்சொற்கள்

நீர்ப்பிடிப்புப் பகுதி – மழைநீரைச் சேகரித்து நீர்த்தேக்கத்துக்கு அனுப்பும் நிலம்.
மழைத்தோட்டம் – மழைநீரைத் தாங்கி வடிகட்டும்படி தாழ்வாக அமைத்த செடிப்பாத்தி.
இணைநிதி – அரசும் பயனாளியும் செலவைப் பகிர்வது.
பொறுப்புடைமை – பெற்ற பணத்துக்குக் கணக்கும் விளக்கமும் தரும் கடமை.

தேர்வு எழுதுவோருக்கு

"அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "பெரிய ஆறுகளைச் சீரமைக்கும் செலவை அரசு ஏற்கலாம்; ஆனால், அக்கம்பக்கத்துச் சிறு திட்டங்களுக்கு மானியம் வழங்கும்போது, பராமரிப்புக்கான பணத்தையும் ஆளையும் தொடக்கத்திலேயே உறுதிசெய்வது அவசியம்." இரண்டு வாக்கியங்களின் கோரிக்கையும் ஒன்றுதான். இரண்டாவதில் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது.

பயிற்சிக் கேள்வி: "பசுமைத் திட்டங்களுக்கு அரசு பணம் கொடுத்தால் போதும், மற்றவை தாமே நடக்கும்." இக்கூற்றை நீ ஏற்கிறாயா? ஒரு சான்றேனும் காட்டி விளக்கி எழுதுக.