எந்த முருகன்? – பெயரை எண்ணும் கணக்கு

பேரேட்டுக் காலத்தில் "முருகன் ஸ்டோர் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், "எந்த முருகன்? செவ்வாப்பேட்டையா, வேப்பம்பட்டா?" என்று கணக்குப்பிள்ளை திருப்பிக் கேட்பார். கணிப்பொறி அப்படிக் கேட்பதில்லை. கேட்டதை எண்ணிச் சொல்லிவிடும்.

நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி, 1986-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் படைப்பு. ஆலைகளுக்கு மூலப்பொருள் விற்று வந்த ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தங்கள் சொந்தக் கணக்குக்காகத் தொடங்கிய முயற்சி அது. அதன் நிரல்மொழியில் எண்ணும் வேலை மூன்று படிகளாக நடக்கிறது. முதலில் கணக்குகளை ஒரு தொகுப்பாகத் திரட்டுவது. இதற்குக் 'கலெக்‌ஷன்' என்று பெயர். அடுத்து, நாம் சொல்லும் நிபந்தனையால் சலிப்பது, இது 'ஃபில்டர்'. கடைசியாக, சல்லடையில் நின்றதை எண்ணுவது.

கோளாறு சல்லடையில்தான். ஒரு கடையில் ஐந்து கணக்குகள் இருப்பதாகக் கொள்வோம்: முருகன் ஸ்டோர், முருகன் ஸ்டோர்ஸ், முருகன் ஸ்டோர், வேப்பம்பட்டு, பாலமுருகன் ஸ்டோர், ஸ்ரீ முருகன் மளிகை. 'முருகன் ஸ்டோர்' என்ற பெயருக்குச் சமமானவை எத்தனை என்றால் விடை 1. 'முருகன்' என்று தொடங்குபவை 3. 'முருகன்' என்ற சொல் எங்கேனும் உள்ளவை 5. மூன்றும் சரியான விடைகளே, கேள்விதான் வேறு.

இதில் நஷ்டம் எங்கே? ஒரு முருகனின் பில் இன்னொரு முருகன் கணக்கில் ஏறினால், ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் எண் மாறிப் போகும். வாங்கியவரின் 2-பி அறிக்கையில் அந்த பில் வராது. 2022 ஜனவரி முதல், அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. நாம் செய்த தவறுக்கு வாடிக்கையாளர் பணம் இழப்பார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார்.

ஆகவே பெயரைத் தேடுவதற்கு வைத்துக்கொள்வோம். எண்ணுவதற்கு 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைக் கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண். பதிவு பெறாத சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கைப்பேசி எண் போதும். மாதக் கடைசியில் ஒரே எண் இரண்டு கணக்குகளில் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் ஒருவரையே இருமுறை எழுதியிருக்கிறோமா, அவருடைய கிளைக் கடையா என்று விசாரித்துத் திருத்துவோம். கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வியை இனி நாம்தான் கேட்க வேண்டும்.