குதுப்மினார்: கட்டடச் சீரமைப்பும் கல்வெட்டுப் பாடமும்

தில்லியின் தென்பகுதியான மெகரௌலியில் நிற்கும் குதுப்மினார் 72.5 மீட்டர் உயரமும் 379 படிகளும் உடையது. 1199 அளவில் குத்புத்தீன் ஐபக் தொடங்கிய இக்கோபுரத்தை அவருக்குப் பின் இல்துத்மிஷ் உயர்த்தினார். 1368இல் இடி விழுந்து மேல்நிலை சிதைந்தபோது, பிரோஸ் ஷா துக்ளக் அதனைச் செப்பனிட்டு ஐந்து நிலைகளாக்கினார். 1503இல் சிக்கந்தர் லோடி மீண்டும் பழுதுபார்த்தார். இச்செய்திகளைக் கோபுரமே தன் உடலில் பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறது; மொழியாய்வாளர்க்கு அது தனிச்சிறப்பு உடையதாவது இதனாலேயே.

கோபுரத்தைச் சுற்றி ஓடும் பெரிய எழுத்துப்பட்டைகளில் அரபு மொழியில் திருக்குர்ஆன் வாசகங்களும் அரசர்தம் விருதுப்பெயர்களும் உள்ளன. இவை ஆட்சியாளரின் குரல். இவற்றுக்கு அப்பால், கதவோரங்களிலும் கல் இடுக்குகளிலும் சிறிய நாகரி எழுத்துகளில் தச்சர்கள் வெட்டிய குறிப்புகள் இருக்கின்றன. பிரோஸ் ஷா காலத்துக் குறிப்புகளில் நானா, சால்ஹா முதலிய பணியாளர் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, வேலை விசுவகர்மாவின் அருளால் நிறைவேறியது என்கிறது. பள்ளிவாசலை அடுத்து எழுந்த கோபுரத்தில் தம் குலதெய்வத்தை நினைப்பதில் அக்கைவினைஞர்கள் முரண் எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

அக்குறிப்பின் சொல்லாட்சி கருதத்தக்கது. சுல்தான் என்னும் சொல் ‘சுரத்ராண’ என வடமொழி உருப்பெறுகிறது. ஒலியை ஒட்டிய இவ்வாக்கத்தில் ‘தேவரைக் காப்பவன்’ என்ற பொருளும் வந்து சேர்ந்துவிடுகிறது. விசயநகர வேந்தர் பூண்ட ‘இந்துராய சுரத்ராண’ என்ற விருதிலும் இச்சொல்லே உள்ளது. மினார் என்பது ‘முனாரோ’ என ஏறக்குறைய அப்படியே கடன்பெறப்படுகிறது. செப்பனிடுதலுக்கோ கடன்சொல் தேவைப்படவில்லை. ‘ஜீர்ணோத்தாரம்’ என்ற கோயிற்பணிச் சொல் எடுத்தாளப்படுகிறது. தமிழகத் திருப்பணிகளில் ஜீர்ணோத்தாரணம் என வழங்குவதும் இதுவே. வேறு குறிப்புகள் கோபுரத்தைக் ‘கீர்த்திஸ்தம்பம்’ என்றும் ‘விஜயஸ்தம்பம்’ என்றும் சுட்டுகின்றன. இது முனாரோவினின்று வேறுபட்ட மொழிபெயர்ப்பு நெறி: பெயரைக் கடன் வாங்காமல், தம் மரபில் அதற்கு நிகரான பொருளைத் தேடியிருக்கிறார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் தேர்வு, உளிபிடித்தவர்க்கும் நேர்ந்திருக்கிறது.

1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் உச்சியிலிருந்த மண்டபம் விழுந்தது. மற்றப் பகுதிகளும் சேதமுற்றன. பொறியாளர் மேஜர் ராபர்ட் ஸ்மித் 1828இல் சீரமைப்பை முடித்து, உச்சியில் தாம் வகுத்த புதிய மண்டபம் ஒன்றை ஏற்றினார். கோபுரத்தோடு ஒவ்வாத அதனை 1848இல் ஹார்டிஞ்ச் பிரபு இறக்கச் செய்தார். இன்றும் அது அருகிலுள்ள புல்வெளியில் நிற்கிறது. ஸ்மித்தின் மண்டபத்தைக் கேலி செய்வோர் பலர். அதனினும் பெரிய இழப்பு கீழ்நிலையின் அடிப்பட்டையில் உள்ளது. சிதைந்த கற்களுக்கு ஈடாக வைத்த கற்களில், எழுத்தறியாதோர் எழுத்தின் வடிவத்தை மட்டும் செதுக்கியிருக்கின்றனர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அரபு எழுத்தாகத் தோன்றும் அப்பட்டையில் சில பட்டப்பெயர்களுக்கு மேல் பொருள் தேறுவதில்லை. மண்டபத்தை இறக்க முடிந்தது. பாடத்தை மீட்க வழியில்லை.

எஞ்சிய எழுத்துகளைப் படியெடுக்க முனைந்தோருள் சர் சையது அகமது கான் குறிப்பிடத்தக்கவர். கீழிருந்து படிக்கவியலாத உயரத்து வரிகளுக்காகக் கூடை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து அவர் படியெடுத்ததையும், கீழே நின்ற நண்பர் சஹ்பாயி அஞ்சி நடுங்கியதையும் அவருடைய வரலாற்றை எழுதிய ஹாலி பதிவு செய்துள்ளார். அவ்வுழைப்பின் பயனான ‘ஆசாருஸ் ஸனாதீத்’ என்னும் உருது நூல் 1847இல் வெளிவந்தது. பின்னர் கார்சன் த தாசி அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். இருப்பினும், படியெடுப்பு நிகழ்ந்தது ஸ்மித்தின் வேலை முடிந்த பிறகே. அடிப்பட்டையின் முந்தைய பாடம் அவர் கைக்கும் எட்டவில்லை. பின்வந்த ஹொரோவிட்ஸின் கல்வெட்டுப் பதிப்பும், 1926இல் பேஜ் எழுதிய தொல்லியல் துறை ஏடும் அவ்விடத்தில் இடைவெளியோடுதான் நிற்கின்றன.

1981 டிசம்பரில் உட்படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், உயிரிழந்தனர். அதன்பின் உள்ளே செல்லப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. 1993இல் இவ்வளாகம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மேல்நிலைக் கதவோரத்து நாகரி வரிகளை அறிய விரும்புவோர்க்கு இப்போது பழைய படிகளும் பதிப்புகளுமே துணை.