எறும்பு வளர்க்கலாம், ராணியை விலைக்கு வாங்காதீர்கள்

எறும்பு வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா? உங்கள் வீட்டு மொட்டை மாடியில் வந்து விழுந்த கட்டெறும்பு ராணிக்கு வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சில வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் உண்டு. சாதாரணக் கட்டெறும்பு கிடையாது. ஆனால் அதே எறும்பை முதுமலைக்குள் பிடித்தால் கதை வேறு. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியில்லாமல் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. அட்டவணையில் பெயர் இல்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது. 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி சேகரித்த இரண்டு செக் நாட்டவர் கைதானார்கள். ஒருவருக்குச் சிறைத் தண்டனை, மற்றவருக்கு அபராதம்.

எறும்புக்கெல்லாம் கேஸா என்று சிரிப்பவர்களுக்குக் கென்யாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் நைவாஷா ஊரில் ஒரு விருந்தினர் விடுதியில், 19 வயது பெல்ஜிய இளைஞர்கள் இருவர் சுமார் 5,000 எறும்புகளோடு சிக்கினார்கள். பஞ்சு அடைத்த சின்னச் சின்னக் குழாய்களில், பெரும்பாலும் ராணிகள். பொழுதுபோக்குக்குத்தான் சேர்த்தோம், குற்றமென்று தெரியாது என்றார்கள். மே மாதம் வந்த தீர்ப்பில் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் ஓராண்டு சிறை. ஒரு ராணியைத் தூக்கினால் பின்னால் வர வேண்டிய ஒரு புற்றே போகிறது. ஆன்லைனில் காசு கொடுக்க ஆள் இருக்கும்வரை இந்தக் குழாய்கள் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும்.

வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. நல்ல மழை விட்ட பிறகு விளக்கடியில் பாருங்கள். ஈசலைப் பிடித்துவிடாதீர்கள்: ஈசலுக்கு இடுப்பு இல்லை, நான்கு இறக்கையும் ஒரே அளவு. எறும்பு ராணிக்கு இடுப்பு ஒடுங்கி, முதுகு திமிறி நிற்கும், முன்னிறக்கை பெரிது. இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் ஓடுவதைப் பிடிப்பது நல்லது. அது பெரும்பாலும் இணைசேர்ந்து முடித்திருக்கும். டெஸ்ட் ட்யூபின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதை அணைத்தபடி இறுக்கமாகப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அலமாரி இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கட்டெறும்பு ராணிக்கு இந்தக் கட்டத்தில் தீனி வேண்டாம். பறக்க உதவிய இறக்கைத் தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளை ஊட்டி வளர்க்கும். தினமும் வெளிச்சத்துக்கு எடுத்து ஆட்டினால் இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். வேலைக்கார எறும்புகள் வெளிவந்ததும் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர், செத்த கொசு ஒன்று. ஆரம்பத்துக்கு அவ்வளவுதான்.

ஒரு பருவத்துப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் புதிதாக வளர்ப்பவர்கள் கைவைக்கும் லேசியஸ் நைஜர் இனத்தில், ஒரு ராணி வளர்ப்பிலேயே 28 ஆண்டுகளுக்கு மேல் இருந்ததாகப் பதிவு இருக்கிறது.

கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும், எரியும், அடங்கிவிடும். கொடுக்குள்ள இனங்கள் அப்படியல்ல. சிலருக்கு ஒரே கொட்டில் ஒவ்வாமை ஏறிவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்று தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொட்டும் இனமே வேண்டாம்.

வெளிநாட்டு ராணிதான் பெரிய ஆபத்து. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022இல் மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணைத் தாக்குவதாகவும் பயிரைக் கெடுப்பதாகவும் மக்கள் புலம்பினார்கள். அது வளர்ப்பு எறும்பால் வந்த வினை என்று சொல்லவில்லை. ஓர் இனம் கைமீறினால் ஊர் என்ன பாடுபடும் என்பதற்குச் சொல்கிறேன். உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்ய 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி முன் அனுமதி வேண்டும். அயல்நாட்டு ஆக்கிரமிப்பு இனங்களை வைத்திருப்பதையே தடை செய்யும் அதிகாரத்தை, வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. கூரியர் உறையில் 'பொம்மை' என்று எழுதி வரும் ராணியைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவரும் சிக்குவார்.

உள்ளூர் இனத்தையே ஆன்லைனில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. ராணி செத்து வரலாம். ராணி என்று சொல்லி ஒரு பெரிய வேலைக்கார எறும்பை அனுப்பியிருக்கலாம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பணம் கட்டிய ரசீதையும் விற்பனை விளம்பரத்தையும் சேமித்து வையுங்கள். மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. கள்ளத்தனமாக வந்த வெளிநாட்டு ராணிக்காக அங்கே போய் நின்றால் முதல் கேள்வி உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்து, வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டத்திலோ குப்பைமேட்டிலோ கொட்டிவிடாதீர்கள். டப்பாவை இறுக மூடி ஃப்ரீசரில் இரண்டு மூன்று நாள் வைத்து, எல்லாம் செத்ததை உறுதி செய்த பிறகு அப்புறப்படுத்துங்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், வேறு பத்திரமான வழியில்லை. உள்ளூர்க் கட்டெறும்பு என்றால் அந்தக் கவலையில்லை. பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடலாம்.