தறிக்குழியும் பள்ளி வாசலும்

நம் இல்லத் திருமணங்களில் மணமகள் பீடத்தின் முன் வந்து நிற்கையில் அவள் உடுத்தியிருப்பது பெரும்பாலும் காஞ்சிப் பட்டுதான். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக நெய்யப்படும் சேலையைக் கோர்வைச் சேலை என்பர். மரபு முறையில் அதனைக் குழித்தறியில் நெய்ய ஒருவர் போதாது. நெசவாளர் உடற்பகுதிக்கும் ஒருபுறக் கரைக்கும் நாடாவை ஓட்ட, மறுபுறக் கரைக்கு நாடாவைத் தள்ளித் தர அவரருகே இன்னொருவர் அமர வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதே நாம் இங்குப் பேச விழையும் செய்தி. நெடுங்காலம் அது ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் அமைந்துள்ளது செவிலிமேடு. இராமானுசர் இறைவனுக்கு நீர் சுமந்ததாக வைணவர் போற்றும் சாலைக் கிணறு இப்பகுதியில்தான் உள்ளது. முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்த இவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. இங்கும், ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களிலும் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. முன்னறையைத் தறி அடைத்துக்கொள்ள, எஞ்சிய இடத்தில்தான் சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும்.

பிள்ளைகள் தறிக்கு வந்ததற்குக் காரணம் பெற்றோரின் கல்நெஞ்சம் அன்று, கடன்! மருத்துவச் செலவுக்கோ மகளின் திருமணத்துக்கோ தறி உரிமையாளரிடம் பெற்றோர் முன்பணம் பெறுவர். அதற்கு ஈடாகப் பிள்ளை வேலைக்குச் செல்லும். கூலியோ வட்டிக்கும் காணாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாய் உழலும் சிறாரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது. இருபத்தேழு ஆண்டுகள்! ஒரு தலைமுறை தறிக்குழியில் இறங்கி, வளர்ந்து, தன் பிள்ளையையும் அதே குழிக்கு அழைத்து வரப் போதுமான காலம் அது.

சட்டம் ஏன் அவ்வீடுகளுக்குள் நுழையவில்லை? 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறாரை ஈடுபடுத்தலாகாத தொழில்களின் பட்டியலில் துணி நெசவையும் சேர்த்திருந்தது. ஆனால் குடும்பத்தார் துணையுடன் நடைபெறும் தொழிற்கூடத்துக்கு விலக்கும் அளித்தது. காஞ்சியில் தறி இருப்பது வீட்டில் அல்லவா? பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சுட்டி, "இவன் என் தம்பி மகன்" என்று சொல்லிவிட்டால் ஆய்வாளர் என்ன செய்வார்? 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் பதினான்கு வயது நிறையாதோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்கிறது. எனினும் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்னும் வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. 1953-இல் சென்னை மாநிலத்தில் அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோரின் தொழில் என்றொரு திட்டம் வந்ததையும், பெரும் எதிர்ப்பு எழுந்து அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டதையும் முதியோர் மறந்திருக்கமாட்டார்.

"நாசரேத்தில் பாலகன் இயேசுவும் சூசையப்பரின் தச்சுப்பட்டறையில் துணை நின்றாரே" என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. நின்றிருப்பார், நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் கடனுக்கு ஈடாக அயலார் பட்டறைக்கு அனுப்பப்படவில்லை. பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து அவர் கேள்விகள் கேட்டதையும் அதே நற்செய்தியில்தான் வாசிக்கிறோம். கேள்வி கேட்கும் வயதில் நாடா தள்ளிய பிள்ளையின் நிலை வேறு.

நிலைமை மாறியதும் உண்மை. 1988-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் காஞ்சி மாவட்டத்துக்கும் வந்தது. தறியிலிருந்து மீட்ட சிறாரைத் தனிப் பயிற்சி மையங்களில் சேர்த்து, உணவும் சிறு உதவித்தொகையும் அளித்து, விடுபட்ட பாடங்களைக் கற்பித்து, வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தினர். ரைடு போன்ற தொண்டு நிறுவனங்களும் இவ்வகையில் உழைத்தன. பத்து வயதுப் பிள்ளையை முதல் வகுப்பில் சின்னஞ்சிறுவரோடு உட்கார வைத்தால் வெட்கி ஓடிவிடும் என்பதை இவர்கள் அறிந்திருந்தனர். அத்திட்டம் 2021-இல் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைப்பது அறிவுரையன்று, அன்னமே என்பதைத் தமிழகம் முன்னரே கண்டது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, 2024 ஜூலை 15 முதல் ஊர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் கிடைத்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் நம் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில்தான் அவ்விரிவாக்கம் தொடங்கியது என்பதில் நமக்குச் சிறு பெருமையும் உண்டு. காலையில் உலை வைக்க இயலாத தாய், பிள்ளையை அனுப்ப இனித் தயங்க வேண்டியதில்லை.

வயிறு நிறைந்தது. மாலையில் என்ன? இதைத்தான் நாம் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. வீடு திரும்பும் பிள்ளைக்குப் புத்தகம் விரிக்க இடமில்லை. தறி ஓசை ஓயும்போது கண் சொருகிவிடும். தாய் தந்தையரும் தறியிலேயே வளர்ந்தவராயின் ஐயம் கேட்க ஆளில்லை. கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டு, தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அவ்விடைவெளியை நிரப்ப அரசு கொணர்ந்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வேளையில் தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியது. அருகில் வாழும் அக்காள் ஒருத்தி சொல்லித் தந்தால் பிள்ளை வருகிறது என்பதை நாம் அதில் கண்டோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, பொருளற்றோர் மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனிக் கவனம் கொள்ளப் பணிக்கிறது. பள்ளி நடத்த எல்லாப் பங்குகளுக்கும் இயலாது. ஆனால் மண்டபம் இல்லாத பங்கு அரிது. திருமணமோ கூட்டமோ இல்லாத நாளில் மாலை ஆறு மணிக்கு அது பூட்டியே கிடக்கிறது. இரண்டு விளக்கு, நான்கு பாய், கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் இருவர், சுண்டலுக்கு வின்சென்ட் தே பவுல் சபையாரின் சிறு தொகை. வருகிற பிள்ளை எம்மதம் என்று கேட்க வேண்டாம். மண்டபச் சாவி யாரிடம் இருப்பது என்பதைப் பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்திலேயே பேசி முடித்துவிடலாம்.