ரசத்துல கோதுமையா? பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க!

கோதுமை அலர்ஜின்னு சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா எல்லாத்தையும் விட்டாச்சு. வெறும் ரசம் சாதம்தான் சாப்பிட்டீங்க. அப்புறமும் உடம்பெல்லாம் தடிக்குதா? பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க.

பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அப்படியே போட்டால் நெடி தாங்காது. அதனால் மைதாவோ, அரிசி மாவோ, கோந்தோ கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். பல பிராண்டுகளில் இருப்பது மைதா. மைதான்னா கோதுமைதானே! அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, பார்த்து வாங்குங்க.

கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, சோயா போன்றவை இருந்தால் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி. ஆனா, கடையில் பேப்பரில் மடித்துத் தரும் பெருங்காயத்துக்கு லேபிள் ஏது?

மாவு மில்லும் அப்படித்தான். கோதுமை அரைத்த கையோடு உங்க அரிசியைக் கொட்டினால், முதலில் விழும் மாவில் கோதுமையும் சேர்ந்தே வரும். அலர்ஜி இருக்கிற வீட்டில் மிக்ஸியே மேல்.

பாதாம் ஆகாதவர்கள் க்ரீம், மசாஜ் ஆயில் லேபிளையும் படிங்க. அதில் பாதாமின் பெயர் 'ப்ரூனஸ் அமிக்டாலஸ் டல்சிஸ்'. யாருக்குப் புரியும், சொல்லுங்க?

சாப்பிட்டதும் உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்க.