கார் ஓட்டத் தெரிந்தால் போதுமா? ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

மதுரை சாலையில் லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆனால், கப்பலூர் சிட்கோவிலோ மேலூர் சாலையிலோ ஓர் ஆலையின் சுற்றுச்சுவருக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம் போக்குவரத்து போலீஸ் லைசென்ஸ் கேட்க முடியாது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலை போன்ற அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டுமே ஓடும் வண்டியை 'மோட்டார் வாகனம்' என்றே கணக்கில் எடுப்பதில்லை. சாலையில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் என்றால், கட்டுமான இயந்திர வாகனமாகப் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவருக்கு லைசென்ஸும் அவசியம்.

அதற்காக, உள்ளே யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. தொழிலாளருக்குத் தேவையான பயிற்சியையும் மேற்பார்வையையும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனாலும், லோடு இறக்க வந்த தம்பி சாப்பாட்டு இடைவேளையில் ஏறி ஓட்டிப் பழகி, ஆறே மாதத்தில் 'ஆபரேட்டர்' ஆகிவிடுவது சில குடோன்களில் இன்றும் நடக்கிறது.

"கார் நல்லா ஓட்டுவேன்ணே" என்பது இங்கே உதவாது. காரில் முன்சக்கரம் திரும்பும், ஃபோர்க்லிஃப்டில் பின்சக்கரம். வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். அங்கே நிற்பவரின் காலுக்குத்தான் ஆபத்து. 2.5 டன் தூக்கும் வண்டியே ஏறக்குறைய 4 டன் எடை இருக்கும். அந்த 2.5 டன்னும், சரக்கின் மையம் ஃபோர்க்கின் அடியிலிருந்து பெரும்பாலும் 500 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான். நீளமான பெட்டி என்றால் தூக்கும் திறன் குறைந்துவிடும். வண்டியில் இருக்கும் தகட்டில் இதெல்லாம் எழுதியிருக்கும். அதைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் நல்ல பயிற்சியின் முதல் பாடம்.

சரக்கைத் தாழ்வாக வைத்து ஓட்டுவது, முன்னால் பார்வை மறைத்தால் ரிவர்ஸில் போவது, சரிவில் சரக்கு மேட்டுப்பக்கம் இருக்கும்படி ஏறி இறங்குவது, ஃபோர்க் மேல் ஆளை ஏற்றாமல் இருப்பது... எல்லாம் அடுத்தடுத்த பாடங்கள். வண்டி கவிழும்போது குதிக்கக் கூடாது என்பதுதான் பலருக்கும் ஆச்சர்யம் தரும். குதிப்பவர் மேல்தான் கூரைச் சட்டம் விழும். சீட் பெல்ட்டோடு ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். இதைப் பார்த்துப் பழகிக் கற்றுக்கொள்ள வழியில்லை.

அமெரிக்காவில் 18 வயதுக்குக் குறைந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தடை. வகுப்பு, செய்முறை, தேர்வு மூன்றும் கட்டாயம். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும் உண்டு. நம்மூர்ப் பையன்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரிலும் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள்.

பணம் கட்டும் முன் பயிற்சி மையத்தில் விசாரியுங்கள். திறன் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, ஓட்டிப் பழக எத்தனை மணி நேரம், எந்த வகை வண்டி? டீசல் ஃபோர்க்லிஃப்டில் பழகியவர், உயரமான ரேக்குகளுக்கு இடையே ஓடும் 'ரீச் டிரக்'கில் ஏற வேண்டுமென்றால், அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.