மூப்பு வேறு, மறதி நோய் வேறு

வயது போனால் அறளை பெயர்வது இயல்பே என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும், பழகிய வீதியிலேயே வழி தவறும் முதியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமென்று பல வீடுகளில் எவருக்கும் தோன்றுவதில்லை. இந்த எண்ணம் சரியானதாயின், நூறு வயதைக் கடந்த அனைவரும் நினைவிழந்தவர்களாகவே இருத்தல் வேண்டும். உண்மை அவ்வாறில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹென்ரிக்கே வான் ஆண்டல் ஷிப்பர் 1890ஆம் ஆண்டு பிறந்தவர். இறந்த பின்னர் தமது உடலை விஞ்ஞானத்துக்கு வழங்குவதாக 82ஆவது வயதில் எழுதிக்கொடுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தும் உயிரோடிருந்தமையால், இத்தனை முதிர்ந்த உடல் இனி எவருக்கும் பயன்படாதோ என்று கவலையுற்று, 111ஆவது வயதில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொண்டார். பேராசிரியர் கேர்ட் ஹொல்ஸ்டேகேக்கோ அத்தகைய உடலே கிடைத்தற்கரியதாக இருந்தது. 112, 113ஆவது வயதுகளில் அவருக்கு நினைவாற்றல் சோதனைகள் நடத்தப்பட்டன. 60 முதல் 75 வயது வரையானோரின் சராசரியை விட அவர் சிறப்பாகவே பதிலளித்தார். 2005இல், 115ஆவது வயதில், இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். அவரது மூளையில் அல்சைமர் நோய்க்குரிய புரதப் படிவுகள் ஏறக்குறைய இல்லை. குருதிக்கலன்களும் தடிப்பின்றிக் காணப்பட்டன. 2008இல் இம்முடிவுகள் வெளியாயின. நாள்தோறும் ஹெரிங் மீன் உண்டதே தமது நீண்ட ஆயுளின் இரகசியம் என்று அவர் கூறிய செய்தியையே பத்திரிகைகள் விரும்பிப் பிரசுரித்தன. பத்திரிகைகளின் பலவீனம் அது. ஒரு மீனால் இத்தனையும் நிகழ்ந்திருக்கும் என நம்புவதற்கு ஆதாரமில்லை.

இனி, இதற்கு நேரெதிரான ஒருவர். அமெரிக்காவில் 678 கத்தோலிக்க அருட்சகோதரிகளை டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்தார். அனைவரும் மரணத்தின் பின் தமது மூளையை வழங்க இணங்கியிருந்தனர். ஒரே வகை உணவு, ஒரே வகை வாழ்வு. ஆதலால் ஒப்பிட்டு ஆராய்வது எளிதாயிற்று. அவர்களுள் சகோதரி மேரி எனப்பட்டவர் 101 வயதில் இறக்கும் வரை தெளிந்த அறிவுடன் விளங்கினார். மூளையைப் பரிசோதித்தபோதோ நோயின் படிவுகளும் நார்ச்சிக்கல்களும் அங்கு மலிந்திருந்தன. நோய் இருந்தது, அதன் அறிகுறி இருக்கவில்லை!

ஆகவே, சிலரை நோய் அணுகுவதில்லை. சிலர் நோயைச் சுமந்தும் தளர்வதில்லை. பின்னைய நிலையை ஆய்வாளர்கள் மூளையின் சேமிப்பு என்கின்றனர். கல்வியாலும் இடையறாத அறிவுப் பயிற்சியாலும் நரம்புக்கலங்களிடையே தொடர்புகள் பெருகும்போது, ஒரு பாதை அடைபட்டாலும் மற்றொரு பாதை உதவுகின்றது என்பது இதன் விளக்கம். அச்சகோதரிகள் தமது இருபதுகளில் எழுதிய சுயசரிதைக் குறிப்புகளும் ஆராயப்பட்டன. கருத்துச் செறிவு குறைந்த வாக்கியங்களை எழுதியவர்களிடையே முதுமையில் அல்சைமர் நோய் அதிகம் காணப்பட்டது. எனினும் இளமையில் நன்கு எழுதியமை நோயைத் தடுத்ததா, அல்லது நோயின் நிழல் அப்போதே எழுத்தில் விழுந்திருந்ததா என்பது விவாதத்துக்குரியது.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு எமக்கு மிக நெருக்கமானது. அல்சைமர் படிவுகளுடன் சிறு பாரிசவாதங்களும் நேர்ந்திருந்தவர்களே பெருமளவில் நினைவிழந்தனர். உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும் மலிந்த எமது நாட்டில் இது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் திருத்தக்கூடிய 14 காரணிகளை இனங்கண்டது. செவிப்புலன் குறைபாடு, புகைத்தல், கொலஸ்ட்ரோல், தனிமை என்பன அவற்றுட் சில. அவையனைத்தையும் நீக்க முடியுமாயின் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலும் என்பது அதன் கணிப்பு.

மற்றுமொன்று. முதியவரின் மறதி யாவும் அல்சைமர் அன்று. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு என்பவற்றாலும் நினைவு தடுமாறும். முதலிரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அறிந்துகொள்ளலாம். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.